நாடுகாண் காதை: நடையா, தடையா?

சிலப்பதிகாரத்தைப் படிப்போரும் படிப்பிப்போரும் பெரும்பாலும் இரண்டு ஊர்களிலேயே தங்கிவிடுகின்றனர். ஒன்று புகார், மற்றொன்று மதுரை. புகாரில் மாதவியின் அரங்கேற்றமும் கடற்கரைக் கானல்வரியும் உள்ளத்தைக் கவர்கின்றன. மதுரையில் கொலையும் வழக்கும் தீயும் உள்ளத்தை உலுக்குகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் நெடுவழியை விரைந்து கடந்துவிடவே எல்லோரும் விரும்புகின்றனர். நாடக மேடையில் ஒரு திரை விழுந்து எழுவதற்குள் கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரையிலிருந்து வையைக் கரைக்கு வந்துவிடுவர். வகுப்பறையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

இவ்வாறு விரைவோர் தம் பக்கத்திற்கு ஒரு காரணமும் கூறுவர். நாடுகாண் காதையில் கதை நகரவில்லை. இயற்கை வருணனையும் சமண சமய அறிவுரையும் சேர்ந்து கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்பது அவர்கள் கூற்று. இக்குற்றச்சாட்டு எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. நூல் முழுமைக்கும் 30 காதைகளே உள. அவற்றுள் நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி, புறஞ்சேரி இறுத்த காதை ஆகிய நான்கும் வழிநடையிலேயே கழிகின்றன. அளந்து பேசும் இளங்கோவடிகள், கணவனும் மனைவியும் நடந்து செல்வதற்கு இத்துணை இடம் ஒதுக்கியது ஏன்? நடை காப்பியத்திற்கு வேண்டியதா, அன்றித் தடையா? இவ்வினாவிற்கு விடை காண்பது கண்ணகியைப் புரிந்துகொள்வதற்கே இன்றியமையாதது.

வழியும் வேகமும்

பொழுது புலராத வைகறை இருளில் இருவரும் வீட்டைவிட்டு வெளியேறுகின்றனர். பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மணிவண்ணன் கோட்டத்தை வலம் வந்து, இந்திர விகாரங்களைக் கடந்து, அருகன் அடியார் தொழும் சிலாதலத்தை வணங்கி, நகர வாயிலை நீங்கிக் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடக்கின்றனர். சீரங்கத்தருகே ஓடத்தில் ஆற்றைக் கடந்து தென்கரை சேர்ந்து உறையூரை அடைகின்றனர். பின் தெற்கே திரும்பிக் காட்டுவழியில் மதுரைக்குச் செல்கின்றனர். இன்று பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக மதுரைக்குச் செல்லும் சாலையை அளந்தால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வரும். காப்பியம் கூறும் தொலைவு 30 காதம். காதம் என்பது எவ்வளவு என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு காதம் 10 கிலோமீட்டர் அளவில் நிற்கும்.

இனி, அவர்கள் நடந்த வேகத்தை நோக்குக. நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் அவர்கள் நடக்கவில்லை என்றும், இடையிடையே பல நாள் தங்கினர் என்றும் ஆசிரியரே கூறுகிறார். இது சிந்திக்கத்தக்கது. பொருளெல்லாம் இழந்து நாணி, சிலம்பை முதலாகக் கொண்டு இழந்த செல்வத்தை மீட்க விரையும் வணிகன் ஒருவன் இவ்வாறு நடப்பானா? தனியே சென்றிருந்தால் கோவலன் மிகச் சில நாட்களில் மதுரை சேர்ந்திருப்பான். அவனுடைய வேகத்தைக் கண்ணகியின் கால்களே வரையறுத்தன. புகாரில் இருந்தவரை எங்கே போவது, எப்போது திரும்புவது என்பவற்றையெல்லாம் தன் விருப்பப்படியே முடிவு செய்தவன் அவன். மாதவி வீட்டில் அவன் கழித்த ஆண்டுகளில் கண்ணகியின் காலம் அவனுடைய கணக்கில் இடம் பெறவே இல்லை. வழியிலோ அவள் ஓர் அடி வைத்தால்தான் அவனும் ஓர் அடி வைக்க முடியும். இம்மாற்றத்தை இளங்கோவடிகள் விளக்கிச் சொல்லவில்லை. நடக்கும் தொலைவைக் கொண்டே காட்டிவிடுகிறார்.

எண்ணும் புகழ்ச்சியும்

முதற்காதம் கடந்து கவுந்தியடிகளின் பள்ளியை அடுத்த சோலையில் இளைப்பாறும்போது, மூச்சு வாங்க, கால் நோவக் கண்ணகி ஒரு கேள்வி கேட்கிறாள். மதுரை மூதூர் எங்கே உள்ளது என்பதே அக்கேள்வி. கோவலன் சிரித்துக்கொண்டே விடை கூறுகிறான். முப்பது என்னும் எண்ணை அவன் நேரே சொல்வதில்லை. ஆறு, ஐந்து என்னும் இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து, அத்தனை காதம் என்றும், அருகில்தான் என்றும் சொல்கிறான். பெருக்கிப் பார்ப்பவருக்கு அது முப்பது. களைத்துக் கேட்பவளுக்கு ஆறோ ஐந்தோ காதமாகத் தோன்றும். உண்மையையும் சொல்லி, அச்சத்தையும் தவிர்த்த விடை அது. இதனைப் பொய்யென்று பழிப்பது பொருந்தாது. அவன் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை என்பதைப் படிப்போர் அறிவர். வெளியே வந்து ஒரு காதமே ஆகியிருக்க, அவள் மதுரையைத் தேடுகிறாளே என்னும் இரக்கம் அச்சிரிப்பினுள் அழுகையாக நிற்கிறது.

இவ்விடத்தில் மனையறம் படுத்த காதையை நினைவுகூர்தல் வேண்டும். அங்கே மாளிகையின் மேல்மாடத்தில் கோவலன் கண்ணகியைப் புகழ்ந்து நெடுநேரம் பேசுகிறான். பொன் என்கிறான், முத்து என்கிறான், நறுமணம் என்கிறான், கரும்பு என்கிறான், தேன் என்கிறான். அவ்வளவையும் கேட்ட கண்ணகி அங்கு ஒரு சொல்லும் விடையாகக் கூறவில்லை. புகழ்ச்சி முடிந்த சில ஆண்டுகளில் அவன் அவளை விட்டு நீங்கிவிட்டான். நாடுகாண் காதையிலோ அவன் புகழவில்லை. ஒரு தொலைவை மட்டும் கூறுகிறான். ஆனால் அச்சிறு விடை, அவள் கேட்ட கேள்விக்கு உரிய விடை. உவமைகளால் நிறைந்த பேச்சில் அவள் கேட்பவளாகக்கூட இல்லை. அழகிய பொருளாக மட்டுமே இருந்தாள். எண்ணால் ஆன இப்பேச்சிலோ அவள் கேட்கிறாள், அவன் சொல்கிறான். இல்லறம் என்பது இங்கேதான் தொடங்குகிறது எனின் அது மிகையாகாது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. மாடத்தில் உவமைகளாக வந்த கரும்பும் தேனும் இவ்வழியில் மெய்யான பொருள்களாகவே வருகின்றன. கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கும்போது, கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து அத்தேன் குளத்து நீரில் கலந்திருக்கும் என்றும், நீர்வேட்கையால் கண்ணகி அறியாமல் அதனை முகந்து பருகிவிடக்கூடும் என்றும் அஞ்சுகிறார். தேன் உண்ணாமை சமண நோன்பு. காதலன் வாயில் புகழ்ச்சியாக இருந்த பொருள், துறவியின் வாயில் இடராகிவிட்டது. சோலைவழியே சென்றால் கிழங்கு தோண்டிய குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடி மறைத்திருக்கும். மேலே பார்க்காமல் நடப்பவரைப் பலாக் கனிகள் தாக்கும். வயல்வழியே சென்றால் களைந்தெறிந்த பூக்களில் மயங்கிக் கிடக்கும் வண்டுகளும், வரப்பில் ஊரும் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக்கூடும். இவ்வளவும் வருணனைக்காகச் செய்த வருணனை என்று கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மாடத்திலிருந்து பார்ப்பவனுக்கு வயல் அழகு. வெறுங்காலோடு நடப்பவனுக்கு அது எங்கே அடி வைப்பது என்னும் சிக்கல். இந்நாட்டை அடிகள் நடப்பவர் கண்கொண்டே காண்கிறார்.

நடையில் துன்பமே உள்ளது என்றும் கொள்ளலாகாது. மதகில் பாயும் நீரின் ஒலி, களை பறிக்கும் மகளிர் பாட்டு, ஏர் பூட்டுவோரின் மங்கலப் பாட்டு, களத்தில் நெல் மிதிப்போரின் பாட்டு ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டு, ஆர்வமுற்ற நெஞ்சினராய், வருத்தம் தோன்றாமல் அவர்கள் நடந்தனர் என்கிறார் ஆசிரியர். கண்ணகியின் வாழ்வில் கணவனோடு சேர்ந்து வெளியுலகைக் கண்டு மகிழ்ந்த நாட்கள் இவை மட்டுமே. வேறு இன்பப் பயணம் அவளுக்கு வாய்க்கவில்லை.

உடன்போக்கின் மறுபக்கம்

காதலர் இருவர் பெற்றோர் அறியாமல் நெடுவழி நடத்தல் தமிழ் அகமரபிற்குப் புதியதன்று. அதற்கு உடன்போக்கு என்று பெயர். அது பாலை நிலத்தில் நிகழும். மகளைத் தேடிச் செவிலி பின்னே செல்வாள். எதிரே வருவோர் அவளுக்கு ஆறுதல் கூறுவர். அவ்விருவர் செய்தது அறமே என்று தெளிவிப்பர்.

இளங்கோவடிகள் இம்மரபை நன்கறிந்தே அதனைத் தலைகீழாக்குகிறார். சிலம்பில் வழி நடப்போர் புதிய காதலர் அல்லர். மணமாகிப் பல ஆண்டு கடந்தவர். பிரிவுக்குப் பின் உடன்போக்கு நிகழ்கிறது. தேடி வரும் செவிலி இல்லை. பெற்ற தாயினும் மேலாகக் கவுந்தியடிகள் உடனே நடந்து வருகிறார். எதிர்ப்படுவோரும் ஆறுதல் கூறுவதில்லை. தென்கரைச் சோலையில் எதிர்ப்பட்ட பரத்தை ஒருத்தியும் வீண்பேச்சுக்காரன் ஒருவனும், இவர்கள் யார் என்று வினவுகின்றனர். என் மக்கள் என்கிறார் அடிகள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதும் உண்டோ என்று அவர்கள் எள்ளி நகைக்கின்றனர். கண்ணகி செவிகளைப் பொத்திக்கொண்டு கணவன் முன் நடுங்கி நிற்கிறாள்.

நிலத்தின் வரிசையும் நோக்கத்தக்கது. மருத நிலத்தில் தொடங்கும் வழி, வேனிலால் காய்ந்த பாலையில் முடிகிறது. அகமரபில் பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. மருதத்திற்கு உரியது ஊடல். சிலம்பில் வயலும் வளமும் சூழ்ந்த புகாரிலேயே பிரிவு முழுவதும் நடந்து முடிந்துவிட்டது. பாலையிலோ இருவரும் ஒருவரையொருவர் மிக நெருங்குகின்றனர். கண்ணகி வாடியபோது கோவலன் தாமரை இலையில் நீர் ஏந்திக் கொணர்ந்து அவள் துயர் தீர்க்கிறான். பகல் வெயிலுக்கு அஞ்சி நிலவொளியில் நடக்க முடிவு செய்தபின், புலியும் ஆந்தையும் கரடியும் எழுப்பும் ஒலிகளுக்கு அஞ்சாமல் வருக என்று கூறி, வளையணிந்த அவள் கையைத் தன் தோளில் சார்த்திக்கொள்கிறான். நிலமும் ஒழுக்கமும் பொருந்தி வருவது சங்கப் பாட்டின் இலக்கணம். வளமான நிலத்தில் பிரிந்து, வறண்ட நிலத்தில் கூடுவது சிலம்பின் புதுமை.

நிலத்தையும் கவிதையையும் இணைத்து ஆராயும் இம்முறை மலேசியத் தமிழர்க்குப் புதியதன்று. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயக அடிகள், பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடத்தைத் தம் ஆய்வின் நடுவில் வைத்தவர். அவர் சங்கப் பாட்டிற்கு வகுத்துக் காட்டிய நோக்கைச் சிலம்பின் வழிநடைக்கும் பொருத்திப் பார்த்தல் நலம்.

கவுந்தியடிகளின் சினம்

வழிநடைக் காதைகள் சமண சமயப் பரப்புரை என்று கூறுவோர் கவுந்தியடிகளையே சான்றாகக் காட்டுவர். அவருடைய அறவுரைகள் பல இடங்களில் வருவது உண்மை. ஆனால் பரப்புரை செய்ய விரும்பும் ஆசிரியர் தம் சமயத் துறவியை எவ்வாறு படைத்திருப்பார்? குற்றமற்றவராகப் படைத்திருப்பார். இளங்கோவடிகள் அவ்வாறு செய்யவில்லை. நத்தை நசுங்குமே என்று அஞ்சி வழி தேர்ந்த அதே துறவி, எள்ளி நகைத்த இருவரையும் நரிகளாகுமாறு சபித்துவிடுகிறார். நத்தைக்குக் கிடைத்த அருள் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து நிகழ்வது இன்னும் முக்கியமானது. நரிகளின் ஊளை கேட்டுக் கோவலனும் கண்ணகியும் நடுங்கி, அவர்கள் பேசியது அறியாமையால் என்று கொள்ளவேண்டும் எனக் கூறி, சாபம் தீரும் காலத்தை அருளுமாறு வேண்டுகின்றனர். அடிகளும் மனமிரங்கி, உறையூர் மதிற்புறத்தில் 12 மாதம் திரிந்தபின் பழைய உருவம் பெறுக என்கிறார். பழிக்கப்பட்டவள் கண்ணகி. பழித்தவர்க்காக வேண்டுவோரில் ஒருத்தியும் கண்ணகி. சில நாட்களுக்குப்பின் இவளே மதுரையை எரிக்கப் போகிறவள். வழியில் இக்காட்சி இல்லையேல், மதுரையில் வரும் கண்ணகி இயல்பிலேயே சினம் மிக்கவள் என்று எண்ண இடமுண்டு. தன்மேல் விழுந்த பழிச்சொல்லைப் பொறுத்தவள், கணவன்மேல் விழுந்த பழியையும் கொலையையும் பொறுக்கவில்லை என்பதே காப்பியம் காட்டும் கண்ணகி. அவளுடைய சினத்தின் எடை தெரியவேண்டுமானால் அவளுடைய பொறுமையின் எடை முதலில் தெரிதல் வேண்டும். அதனை அளந்து காட்டும் இடம் நாடுகாண் காதை.

கோவலனுக்கும் வழி ஒரு சோதனையாக அமைகிறது. நீர் தேடிச் சென்ற இடத்தில் வனதெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் தோன்றி அவனை மயக்க முயல்கிறது, அவன் மயங்கவில்லை. பின்னர்க் கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைப் படித்ததும், குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்கிறான். அவ்வோலையின் சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்தும் எனக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு அனுப்புகிறான். சொல்லாமல் வீட்டைவிட்டு வந்தவன் வீட்டிற்குச் செய்தி சொல்லும் மனநிலையை அடைந்துவிட்டான். இதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது அந்நெடுவழி. அவன் ஒரே நாளில் மதுரைக்கு வந்திருந்தால் திருந்தாத கோவலனே கொலையுண்டிருப்பான். படிப்போர் நெஞ்சு இவ்வளவு பதறியிருக்காது.

இரண்டு முறுவல்கள்

காப்பியம் முழுவதும் கண்ணகி நகைக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இரண்டை இணைத்துப் பார்த்தல் தகும். கொலைக்களக் காதையில், மாதரியின் அடைக்கலத்தில் இருக்கும்போது, நான் எழுக என்றதும் எழுந்தாயே, என்ன செய்தாய் என்று கோவலன் உருகிக் கேட்கிறான். அப்போதுதான் கண்ணகி தன் மனத்தைத் திறக்கிறாள். அவன் இல்லாத வீட்டில் அறவோரையும் விருந்தினரையும் போற்றும் பேற்றை இழந்ததையும், அவனுடைய பெற்றோர் முன் தன் நோயை மறைக்கப் பொய்யாக முறுவலித்ததையும், அதைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியதையும் கூறுகிறாள். அவன் செய்தது சான்றோர் போற்றாத ஒழுக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். புகாரில் அவள் முகத்தில் இருந்தது அப்பொய் முறுவலே.

மற்றொரு முறுவல் வேட்டுவ வரியில் வருகிறது. கொற்றவை கோட்டத்தில் தெய்வமேறிய சாலினி, கண்ணகியைச் சுட்டி, நாடுகளையெல்லாம் ஆளும் மாமணி என்று புகழ்கிறாள். இம்மூதறிவாட்டி ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என நாணிக் கண்ணகி கணவனின் முதுகுப்புறம் ஒதுங்கி, புதியதொரு சிறுநகை அரும்ப நிற்கிறாள். மாளிகையில் பொய்யாக நகைத்தவள், காட்டில் மெய்யாக நகைக்கிறாள். மாளிகையில் மறைந்து நிற்க அவளுக்குக் கணவனின் முதுகு இல்லை; காட்டில் இருந்தது. நான்கு காதைகளின் பயனும் அந்தச் சிறுநகையில் அடங்கியுள்ளது. அது நிலைக்கவில்லை என்பதே காப்பியத்தின் துயரம்.

குறைகள்

வழிநடைக் காதைகளில் குறையே இல்லை என்று வாதிடுவது திறனாய்வாகாது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும், திருமால்குன்றத்துப் பொய்கைகளையும் அவற்றின் பயன்களையும் நீட்டிக் கூறும் பகுதி கதைக்குப் பெரிதும் உதவவில்லை. நடுவழியின் வனதெய்வத்தைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் பின்னர்ப் பயன்படுகிறது. ஏனையவற்றைக் கவுந்தியடிகளே வேண்டா என்று தள்ளிவிடுகிறார். பாத்திரங்கள் தள்ளிவிட்டதைப் படிப்போர் சுமக்க வேண்டியிருக்கிறது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. காதையின் பெயர் நாடுகாண் காதை, கண்டவர் யார்? வயலைக் காண்பவர் ஆசிரியர். வழியின் இடர்களைக் காண்பவர் கவுந்தி. பாலையின் வெம்மையைக் கணக்கிடுபவன் கோவலன். கண்ணகியின் பாதங்கள் சிவந்ததும் அவள் மூச்சு வாங்கியதும் கூறப்படுகின்றன. ஆனால் அவள் கண்கள் கண்டது என்ன என்பது எங்கும் தனியாகக் கூறப்படவில்லை. பிறந்தது முதல் மாளிகையைவிட்டு அதிகம் நீங்காத ஒருத்திக்கு இந்நாடு எப்படித் தோன்றியிருக்கும்! தொலைவு பற்றிய ஒரு கேள்வி, கணவனோடு சேர்ந்து கூறிய ஒரு வேண்டுகோள், ஒரு சிறுநகை. இவ்வளவே அவ்வழியில் அவளுக்குக் கிடைத்த பங்கு. அவளுடைய மௌனம் மதுரையில் பேசப்போகும் பேச்சுக்கு முன்னேற்பாடு என்று கூறலாம். அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆயினும் குறை முழுவதும் அதனால் தீர்ந்துவிடாது.

இன்ப நடையும் இடப்பெயர்ச்சியும்

இக்காலத்தில் கணவனும் மனைவியும் விடுமுறையில் நெடுந்தொலைவு நடத்தல் இங்கிலாந்தில் பெருவழக்காக உள்ளது. அந்நாட்டில் வயல்களின் ஊடேயும் குன்றுகளின் மேலும் நடைபாதைகள் பாதுகாக்கப்படுகின்றன. 1965 ஏப்ரல் 24இல் திறக்கப்பட்ட பென்னைன் வழி 268 மைல் நீளமுடையது. ஏறத்தாழ 431 கிலோமீட்டர். புகாரிலிருந்து மதுரைக்குள்ள தொலைவைவிட நீளமானது. அவ்வுரிமையும் எளிதில் கிடைத்ததன்று. 1932 ஏப்ரல் 24இல் மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளர் இளைஞர் நூற்றுக்கணக்கில் திரண்டு, நிலவுடைமையாளர் தடுத்து வைத்திருந்த கிண்டர் மேட்டில் தடையை மீறி நடந்தனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். ஆலைப் புகையில் வாரம் முழுவதும் உழைத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்க ஒரு குன்று வேண்டியிருந்தது. பின்னர் 1949இல் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்கு வழி செய்யும் சட்டம் இயற்றப்பட்டது.

அந்நடைக்கும் சிலம்பின் நடைக்கும் உள்ள வேற்றுமை ஒரே சொல்லில் அடங்கும்: திரும்புதல். இங்கிலாந்தில் நடப்பவர் திங்கட்கிழமை வீட்டிற்குத் திரும்பிவிடுவர். திரும்ப ஒரு வீடு இருப்பதாலேயே நடை அவர்க்கு இன்பமாகிறது. கோவலனுக்கும் கண்ணகிக்கும் மீளும் வீடு இருந்தும் மீளும் நெஞ்சு இல்லை. கையில் இருந்தது ஒரு சோடிச் சிலம்பு. முன்னே இருந்தது அறியாத ஊர்.

இந்நிலை கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்கு ஏட்டில் மட்டும் கண்டதன்று. கோவலன் கடந்த அதே காவிரி நாட்டிலிருந்து, தஞ்சை, திருச்சி வட்டாரங்களிலிருந்து, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் எத்தனையோ கணவன் மனைவியர் மூட்டையோடு நாகப்பட்டினம் சேர்ந்து கப்பலேறினர். 1901இல் திறக்கப்பட்டு, 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிப் பலர் ரப்பர்த் தோட்டங்களுக்கும், சிலர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளுக்கும் சென்றனர். கங்காணி சொன்ன தொலைவும் கோவலன் சொன்ன தொலைவைப் போன்றதே. கேட்பவர்க்கு அருகில் இருப்பதாகத் தோன்றுமாறு சொல்லப்பட்டது. ஆனால் இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு மேல் நீட்டலாகாது. கோவலன் வணிகர் குலத்துச் செல்வன். அவன் மறைத்தது மனைவியின் களைப்புக்கு இரங்கி. கங்காணி மறைத்தது ஆள் சேர்க்கும் ஊதியத்திற்காக. ஒரே சொல் இருவர் வாயில் வரினும் அதன் அறம் ஒன்றன்று.

இன்றும் இப்பள்ளத்தாக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடக்கும் நெடுநடை ஒன்றுண்டு. 1873இல் தோன்றிய கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டுப் பத்துமலை செல்லும் தைப்பூச இரவில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவை ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர்; பின் 272 படிகள் ஏறுகின்றனர். பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் கொண்டாடப்படுவதாகக் கூறுவர். உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்து வெளியிட்டதும் அதே 1892ஆம் ஆண்டிலேதான். காவிரிக் கரையின் வழிநடை ஏட்டிலிருந்து அச்சில் ஏறிய ஆண்டில், அக்கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் மக்கள் புதிய மண்ணில் தமக்கென ஒரு வழிநடையைத் தொடங்கிக்கொண்டிருந்தனர். தார்ச்சாலையில் கால் கொப்புளிக்க, குடம் சுமக்கும் மனைவியின் வேகத்திற்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடக்கும் கணவனைக் கண்டவர்க்கு, நாளுக்கு ஒரு காதம் என்பதன் பொருளை விளக்க உரையாசிரியர் வேண்டா.

முடிவு

நாடுகாண் காதையை நீக்கிவிட்டு வழக்குரை காதையைப் படித்தால், அது பொற்கொல்லன் சூழ்ச்சியால் நேர்ந்த தவறான தீர்ப்பின் வழக்கு. கணவனை இழந்த ஒரு பெண் அரசவையில் நீதி கேட்கிறாள் என்பதோடு அது நின்றுவிடும். அக்காதையையும் அதனைத் தொடரும் மூன்று காதைகளையும் சேர்த்துப் படித்தாலோ, பாண்டியன் அவை முன் நிற்பவள் அண்மையில்தான் கணவனைப் பெற்றவள் என்பது விளங்கும். மணநாளில் பெற்ற கணவனை மாதவியிடம் இழந்தாள். வழியில் பெற்ற கணவனை மதுரையில் இழந்தாள். இரண்டாம் இழப்பு முதலிழப்பைவிடப் பன்மடங்கு கொடியது. ஏனெனில் இரண்டாம் முறை அவள் பெற்றது உவமை கூறும் கோவலனை அன்று, தாமரை இலையில் நீர் கொணர்ந்த கோவலனை.

ஆதலின் வகுப்பில் சிலம்பைக் கற்பிப்போர் இந்நான்கு காதைகளையும் சுருக்கம் கூறித் தாண்டுதல் தகாது. முழுமையும் படிக்கப் பொழுதில்லையெனில், மாங்காட்டு மறையோனின் பொய்கைகளை விட்டுவிடலாம். கண்ணகியின் கேள்வியையும் கோவலனின் விடையையும், நரிகளுக்காக அவ்விருவரும் செய்த வேண்டுகோளையும், கொற்றவை கோட்டத்துச் சிறுநகையையும் விடலாகாது. மதுரைக்கு விரைந்து செல்வோர் மதுரை எரிவதைக் காண்பர். நடந்து செல்வோரே அது ஏன் எரிந்தது என்பதை அறிவர்.